கீரையைச் சமைக்காதீங்க!

தேவானையின் தண்ணீர் பாட்டில் மேல் ஆட்டோ ஏறிவிட்டது. ஏறியது மட்டுமா? ஏறி, நின்று, பின்னால் வந்து, மறுபடியும் ஏறியது. அப்பளமாகிப்போன பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போச்சு! நாளைக்குக் கீரைக்கு எதுல தண்ணி தெளிக்கிறது?" என்று தேவானை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் சந்து முனையில் இருக்கிறது தேவானையின் கீரைக்கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நனைந்த கோணி, அதன் மேல் கீரைக் கட்டுகள், பக்கத்தில் தேவானை. சாயங்காலம் நாலு மணிக்குக் கோணியை விரிப்பாள். ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்கள் வாங்கும் வரை கீரை வாடக் கூடாதே! அதனால் மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள்.

மறுநாள் காலையில் கீரை மூட்டை வந்து இறங்கியது. அதைப் பிரித்து அடுக்கியது நிஷா, தேவானையின் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மூட்டையின் அடியில் கையை விட்டவளுக்கு ஒரு வெள்ளை பாட்டில் கிடைத்தது. கெட்டியான பாட்டில், இறுக்கமான மூடி. தோட்டத்தில் யாரோ மறந்து உள்ளே போட்டுக் கட்டிவிட்டார்கள் போல.

"அட, நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரேன்!" என்று நிஷா குதித்தாள்.

பாதி கிழிந்திருந்த லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தாள். பாட்டிலை இரண்டு தரம் அலசினாள். காம்பஸ் முனையால் மூடியில் ஓட்டைகள் போட்டு, அம்மாவின் கூடையில் வைத்தாள். லேபிளில் ஒரு மூலையில் பளிச்சென்று நீல முக்கோணம் இருந்தது. பார்க்கப் பட்டம் மாதிரி இருந்ததால், வெட்டித் தன் ஜாமெட்ரி பாக்ஸ் மேல் ஒட்டிக்கொண்டாள்.

"கெட்டிக்காரி!" என்று தேவானை அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தச் சந்தோஷத்தோடு நிஷா பள்ளிக்கூடம் போனாள்.

அன்று கடைசி பீரியட் அறிவியல். ஆஷா டீச்சர் உணவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூச்சிமருந்து அடிச்சா, பறிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் காத்திருக்கணும். வெயில் பட்டு, காத்து பட்டு மருந்து குறையும். அப்படியும் துளியூண்டு ஒட்டிக்கிட்டிருக்கும். அதுக்குப் பேரு எச்சம்."

"எச்சம்னா காக்கா போடுமே, அதுதானே டீச்சர்?" என்றான் ஃபைசான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார்.

"இது அதைவிட மோசம். காக்கா போட்டா கண்ணுக்காவது தெரியும். இது தெரியாது, வாசனையும் வராது. எவ்வளவு இருக்குன்னு லேப்ல அளந்துதான் சொல்லணும். இவ்வளவு வரைக்கும் இருந்தா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க."

பிறகு டீச்சர் பலகையில் ஒரு சாய்சதுரம் வரைந்தார். அதன் கீழ்ப்பாதியில் ஒரு முக்கோணம். "மருந்து பாட்டில்ல எல்லாம் இந்தக் குறி இருக்கும். முக்கோணம் சிவப்புன்னா ரொம்ப ரொம்ப ஆபத்து. அதுக்கு அடுத்து மஞ்சள். அப்புறம் நீலம். கடைசியா பச்சை."

நிஷாவுக்குப் பகீரென்றது. ஜாமெட்ரி பாக்ஸைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மறுபடியும் ஜாமெட்ரி பாக்ஸைப் பார்த்தாள். அதே முக்கோணம். நீலம்.

"டீச்சர்..." என்று எழுந்து நின்றாள். "காலி பாட்டில்னா? நல்லா கழுவிட்டா?"

"கழுவினாலும் எடுக்கக் கூடாது நிஷா. மூடி இடுக்குல, பிளாஸ்டிக்ல எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும். செடியில அடிச்சதாவது குறையறதுக்கு நாள் இருக்கு. இது நேரா வாய்க்குள்ள போயிடுமே!"

பெல் அடித்தது. நிஷா பையைக்கூடச் சரியாக மூடவில்லை. ஓடினாள்.

ஓட ஓட, ஒவ்வொன்றாகத் தோன்றியது. அம்மா இந்நேரம் கோணியை விரித்திருப்பாள். தெளித்திருப்பாள். யாராவது வாங்கியிருப்பார்கள். 'நான்தான் செஞ்சேன். நானேதான் கழுவிக் குடுத்தேன்' என்று மனசுக்குள் ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. சைக்கிள்காரர் ஒருவர், "ஏய் பாப்பா, பாத்து!" என்று கத்தினார். அவள் காதில் விழவில்லை.

சந்து முனையில் தேவானை ஜம்மென்று உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "பாருடி, உன் பாட்டில் மழை மாதிரி கொட்டுது!"

"ம்மா! தெளிக்காத! கீழ வை!"

"இன்னாடி இது? பேயைப் பாத்தவ மாதிரி ஓடியார?"

நிஷா அம்மாவின் காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தேவானையின் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது. பாட்டில் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஐயையோ! ஏழெட்டுப் பேரு வாங்கிக்கினு போயிட்டாங்களேடி! நம்ம சகினாகூட அரைக்கீரை வாங்கிக்கினு போச்சு. வயித்துல புள்ளைய வெச்சுக்கினு கீது, டாக்டர் தெனம் கீரை சாப்பிடச் சொல்லிக்கீறாருன்னு..."

நிஷா மிச்சமிருந்த கட்டுகளை வாரிக் கூடையில் போட்டாள். "மத்தவங்க வீடெல்லாம் தெரியுமாம்மா?"

"மூஞ்சி தெரியும். எல்லாம் இந்தச் சந்துகளுக்குள்ளதான். வீட்டை யாரு கண்டா?" தேவானை குரலைத் தாழ்த்தினாள். "ஊரைக் கூட்டிச் சொன்னா, அப்புறம் நம்ம கையால யாருடி கீரை வாங்குவா? இதை விட்டா நமக்கு இன்னா கீது?"

அது நிஷாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் இப்போது அடுப்பு பற்றவைத்திருப்பார்கள். அந்தப் பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான், "ஆந்திரா வெங்காயம்! ஆந்திரா வெங்காயம்! அள்ளிக்கோ, அள்ளிக்கோ!" என்று காதைப் பிளந்துகொண்டு அங்கமுத்துவின் வெங்காய வண்டி வந்தது. வண்டியின் தலையில் ஒரு ஸ்பீக்கர். அங்கமுத்து வாயே திறக்க மாட்டார். ஒரு தடவை பதிந்துவைத்த குரல்தான் நாள் முழுக்கக் கத்தும்.

நிஷா வண்டியின் குறுக்கே போய் நின்றாள். "மாமா, இதுல என் குரலைப் பதிய முடியுமா?"

"இன்னா பாப்பா, பாட்டா பாடப் போற?" என்று சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். ஒரு பட்டனை அழுத்தி, "பேசு. வண்டிய நான் தள்றேன்" என்றார்.

நிஷா வாயைத் திறந்தாள். யார் கடைக் கீரை என்று சொல்லாவிட்டால் ஒருவருக்கும் புரியாது. சொன்னால் அம்மாவின் கடை போச்சு. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

தேவானை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் பேரைச் சொல்லும்மா. சத்தமாவே சொல்லு."

கொஞ்ச நேரத்தில் மேற்கு மாம்பலத்துச் சந்துகள் இதுவரை கேட்டிராத ஓர் அறிவிப்பைக் கேட்டன.

"தேவானை கீரைக்கடையில இன்னைக்குக் கீரை வாங்கினவங்க அதைச் சமைக்காதீங்க! சமைக்காதீங்க! தப்பான பாட்டில்ல தண்ணி தெளிச்சுட்டோம். வண்டிகிட்ட கொண்டாந்து குடுத்துடுங்க!" உடனே, "ஆந்திரா வெங்காயம்! அள்ளிக்கோ, அள்ளிக்கோ!" பழைய குரலை அழிக்க அங்கமுத்துவுக்குத் தெரியவில்லை. இரண்டும் மாறி மாறிப் பாடின. தேவானையும் நிஷாவும் கூடையோடு வண்டி கூடவே நடந்தார்கள்.

ஜன்னல்கள் திறந்தன. "விக்கிறதுக்குக் கத்துவாங்க. சமைக்காதேன்னு கத்துறதை இப்பதான் கேக்குறேன்!" என்று மாடியிலிருந்து ஒரு தாத்தா சிரித்தார். ஒரு மாமி கீரைக் கட்டோடு இறங்கி வந்து, "கொழந்தைகள் சாப்பிடற வஸ்து! பார்த்துப் பண்ண வேண்டாமா?" என்று தேவானையைப் பிடித்துக்கொண்டார்.

தேவானை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா இல்ல மாமி. நான்தான் பண்ணேன்" என்றாள் நிஷா. மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கட்டைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

கட்டுகள் ஒவ்வொன்றாகக் கூடைக்குத் திரும்பின. தேவானை ஒவ்வொரு முகமாக நினைவுபடுத்திச் சரிபார்த்தாள். எல்லாரும் வந்துவிட்டார்கள். சகினாவைத் தவிர.

சகினா வீடு கடைசிச் சந்தில், மூன்றாவது மாடியில். அதற்குக் கீழே வண்டியை நிறுத்தி அங்கமுத்து சத்தத்தை முழுசாக ஏற்றினார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நிஷா காதைத் தீட்டிக் கேட்டாள். மேலேயிருந்து 'கர்ர்ர்' என்று மிக்ஸி ஓடும் சத்தம் வந்தது.

"ஐயோ, அக்காவுக்குக் கேக்காது!"

படிகளைத் தாவித் தாவி ஏறினாள். கதவை இரண்டு கையாலும் தட்டினாள். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. "அக்கா! சகினாக்கா!" உள்ளேயிருந்து பூண்டு தாளித்த வாசனை வந்தது. அவ்வளவுதான், நிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே காலால் கதவை உதைத்தாள்.

மிக்ஸி நின்றது. கதவு திறந்தது. ஒரு கையில் கரண்டியோடு சகினா நின்றாள். கரண்டியில் ஆவி பறக்கும் கீரை.

"நீயாடி? கதவை உடைச்சுடுவ போலக்கீதே! இரு, உப்பு போட்டேனா இல்லையான்னு பாத்துட்டு வரேன்." கரண்டியை ஊதிக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனாள்.

நிஷா பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி 'டங்' என்று தரையில் விழுந்தது. சுவரெல்லாம் பச்சை.

"சாப்டீங்களா? கொஞ்சமாவது வாயில வெச்சீங்களா?"

"இன்னும் இல்லடி! இன்னா ஆச்சு உனக்கு?"

நிஷா சகினாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கீழேயிருந்து அவளுடைய குரலே பதில் சொல்லிக்கொண்டிருந்தது: "சமைக்காதீங்க! சமைக்காதீங்க!"

சகினாவுக்கு மெதுவாகப் புரிந்தது. அவள் கை தானாகத் தன் வயிற்றைத் தொட்டது. பிறகு நிஷாவின் தலையைத் தடவிக் கொடுத்தது.

நிஷா கீழே வந்தபோது, தெரு மாடு ஒன்று கூடைக்குள் மூக்கை நுழைக்கப் பார்த்தது. மீந்த கீரையை எப்போதும் அதற்குத்தான் போடுவார்கள். "ம்மா, மாட்டுக்கும் வயிறு கீதும்மா!" என்று நிஷா கூடையை இழுத்து அணைத்துக்கொண்டாள். மாடு கோபமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனது.

அன்றே நிஷா அம்மாவோடு ஆஷா டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் திட்டவில்லை. "முதல்ல ரெண்டு பேரும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றார். அப்புறம் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு போன் செய்தார். அதிகாரி வந்து பாட்டிலையும், தெளித்த கீரையையும், வீட்டில் தெளிக்காமல் மிச்சமிருந்த கட்டு ஒன்றையும் தனித்தனிப் பையில் கட்டி எடுத்துப் போனார். மூட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்றும் கேட்டுக்கொண்டார்.

"முடிவு வர்ற வரைக்கும் கடை கெடையாது" என்றாள் தேவானை. கோணி சுவரோரம் சுருண்டு கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நிஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியில் கரண்டி விழும் சத்தம் காதில் கேட்டது.

முடிவு வந்தது. தெளித்த கீரையில் மருந்து, இருக்கலாம் என்று சொன்ன அளவைவிடப் பல மடங்கு இருந்ததாம். தெளிக்காத கட்டில் அளவுக்குள்தான் இருந்ததாம். "கீரை நல்ல கீரைதான் தேவானை. பாட்டில்தான் கெடுத்துது. தோட்டத்துக்காரங்களையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க" என்றார் ஆஷா டீச்சர்.

மறுநாள் நாலு மணிக்குத் தேவானை கோணியை விரித்தாள். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். கையாலேயே தெளித்தாள். ரயில் வந்தது. ஆட்கள் இறங்கி வந்தார்கள். பார்த்தார்கள். கடந்து போனார்கள். அடுத்த ரயிலும் வந்து போனது. நிஷா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தால் சகினா வருகிறாள். கூடவே அந்த மாமி, மாடித் தாத்தா, இன்னும் ரெண்டு மூணு பேர். "அக்கா, அரைக்கீரை ஒரு கட்டு" என்று சகினா கையை நீட்டினாள்.

தேவானை கட்டை எடுத்தாளோ இல்லையோ, சந்து திருப்பத்திலிருந்து காதைப் பிளந்துகொண்டு வந்தது: "தேவானை கீரைக்கடையில இன்னைக்குக் கீரை வாங்கினவங்க அதைச் சமைக்காதீங்க! சமைக்காதீங்க!"

நிஷாவுக்கு உயிரே போய்விட்டது. "அங்கமுத்து மாமா! அதை நிறுத்துங்க!"

"அழிக்கத் தெரியலையே பாப்பா!" அவர் கண்டபடி பட்டன்களை அழுத்தினார். வெங்காயமும் கீரையும் கலந்து கத்தின.

சகினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியும் சிரித்தார். தாத்தாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"அது பாட்டுக்குக் கத்தட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் சகினா. "தப்புன்னா ஊருக்கே ஸ்பீக்கர் வெச்சுச் சொல்ற கடை வேற எங்க கீது? எனக்கு ரெண்டு கட்டாவே குடுங்க."

நிஷா சொம்புத் தண்ணீரைக் கையில் அள்ளி, பளிச்சென்று தெளித்து, இரண்டு கட்டுகளை எடுத்து நீட்டினாள்.