திரை ஏன் ஏறவில்லை?

செந்நகரில் காலையில் எழுந்ததும் எல்லாரும் செய்யும் முதல் வேலை, இரவு முழுக்கச் சேர்ந்த வியர்வையைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டுக் காபி வாங்கிக்கொள்வது. படுக்கை விரிப்பே வியர்வையை உறிஞ்சி ஒரு பையில் சேர்த்துவிடும். செவ்வாய்க் கோளில் குடியேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டதால் இதில் யாருக்கும் அருவருப்பு கிடையாது. அடுத்தவன் வியர்வையில் போட்ட காபியா என்று முகம் சுளித்தவர்கள் எல்லாம் பூமிக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இருப்பவர்களின் கவலை வேறு. முழு டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்த கடையில் இப்போது அரை டம்ளர்தான் கொடுக்கிறார்கள்.

காரணம், போர். வடதுருவத்துப் பனிக்கட்டிதான் கோள் முழுவதற்கும் தண்ணீர். அங்கே பனி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் "எங்கள் பனி, எங்கள் நாடு" என்று தனிக்கொடி ஏற்றிவிட்டார்கள். தங்களை விடுதலைப் படை என்று சொல்லிக்கொண்டார்கள். நகரம் அவர்களைக் கலகக்காரர்கள் என்றது. தாகம் என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான். நகரத்தின் கையில் இருந்த இரண்டு பனி நிலையங்களில் பெரியது போன மாதம் பறிபோனது. இரண்டையும் காப்பதற்கென்றே கொட்டிக் கொடுத்து அமைத்த மின்திரை, ஏவுகணைகள் விழுந்து வெடித்து ஓய்ந்த பிறகுதான் மேலே ஏறியது. எரிந்து முடிந்த நிலையத்தை வெகு பத்திரமாகக் காத்து நின்றது.

ஊர் கொதித்தது. அதிகமாகக் கொதித்தவள் ஆவுடை. காலை வானொலியில் 'காபி நேரம்' நடத்துகிறவள். அவள் குரல் கேட்காமல் செந்நகரில் யாருக்கும் காபி இறங்காது. அவளுடைய தம்பி இசக்கி அந்த நிலையத்தில் காவல் வீரன். உடைந்த காலோடு புழுதியில் ஊர்ந்தே தப்பி வந்தவன். விசாரணை மண்டபத்தில் மக்கள் சார்பாகக் கேள்வி கேட்க அவளைத்தான் அனுப்பினார்கள்.

"திரை ஏன் ஏறலை? அதச் சொல்லுங்க ஐயா!" என்று அவள் முழங்கினாள்.

படைமுதல்வர் கோமதிநாயகம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, மறக்காமல் அதைப் பையில் பிழிந்துகொண்டார். "எனக்கு எச்சரிக்கை வரலைம்மா" என்றார்.

நகரின் பாதுகாப்பைக் கவனிப்பது எயில்மதி என்ற இயந்திர மூளை. ஆபத்தைக் கண்டு சொல்வது அதன் வேலை. திரையை ஏற்ற மனிதன்தான் ஆணையிட வேண்டும் என்பது சட்டம். ஆவுடை கூரையை நோக்கித் திரும்பினாள். "எயில்மதி, அன்னிக்கு நீ என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

கூரையிலிருந்து கணீரென்று குரல் வந்தது. "செங்கோள் காத்த சிங்கமே! தூசிப்புயலைத் தோற்கடித்த தீரரே! இரு நிலவும் வணங்கும் எங்கள் இமயமே! படைமுதல்வர் மாண்புமிகு கோமதிநாயகம் அவர்களே! அவர் அருகே வீற்றிருக்கும் துணைப் படைமுதல்வர் அவர்களே! உணவுப் பிரிவின் ஒளிவிளக்கு அவர்களே..."

மண்டபம் முதலில் திகைத்தது. பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எயில்மதி அசரவில்லை. அன்று படைமுதல்வரின் அறையில் இருந்த அத்தனை அதிகாரிகளையும், வாசலில் நின்ற காவலரையும் பெயர் சொல்லி அழைத்தது. கடைசியில், "அனைவருக்கும் பணிவான வணக்கத்தைத் தெரிவித்து ஒரு சிறு செய்தி. ஏவுகணைகள் வருகின்றன" என்று முடித்தது.

சிரிப்பு நின்றது. இசக்கி ஊன்றுகோலோடு எழுந்து நின்றுவிட்டான்.

"இவ்வளவும் ஏன் சொன்ன?" என்று ஆவுடை கேட்டாள்.

"முன்பு ஒருமுறை புயல் வருகிறது என்று நேரடியாகச் சொன்னேன். மரியாதை தெரியவில்லை என்று என்னைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்" என்றது எயில்மதி.

"நீங்க பாதியில நிறுத்தியிருக்கலாம்ல?" என்று அவள் படைமுதல்வர் பக்கம் திரும்பினாள்.

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "என்னை வாழ்த்துதுன்னு நெனச்சேன். நடுவுல நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு கூச்சல். அன்று மாலையே அவர் பதவி பறிபோனது. அடைமொழி ஒழிப்புச் சட்டம் ஒரே கைதட்டலில் நிறைவேறியது. மின்திரைக்குத் தனித் தலைமை வேண்டும், அது ஆவுடைதான் என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது. மறுக்க மறுக்க அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

கால் தேறியதும் இசக்கியை மிச்சமிருந்த சின்ன நிலையத்துக்கு அனுப்பினார்கள். வண்டி ஏறும்போது, "இந்தத் தடவ திரை ஏறிரும்லக்கா?" என்றான்.

"நான் இருக்கேன்லடா. நீ பேசாம ஊருக்குத் தண்ணி அனுப்பு."

முதல் சில நாட்கள் எல்லாம் அற்புதமாக நடந்தது. "ஆவுடை, வடக்கே புழுதி" என்று எயில்மதி சொல்லும். கண்ணிமைப்பதற்குள் திரை ஏறிவிடும். ஒருநாள் நகரமன்ற உறுப்பினர் ஒருவர் அதைக் கேட்டுப் பதறிப்போனார். "என்னம்மா இது, உங்களப் போய்ப் பேரச் சொல்லிக் கூப்பிடுது?" என்றார். அவளுக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

அடுத்த மன்றக் கூட்டத்தில் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு கொண்டுவந்தார்கள். இவ்வளவு பெரிய காரியம் செய்தவளுக்கு நன்றி காட்ட வேண்டாமா? 'அடைமொழி ஒழித்த அம்மையார்' என்ற அடைமொழி அவளுக்கு மட்டும் உண்டு. "ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க" என்று அவள் பதறினாள். என்ன அடக்கம் என்று சபை உருகி, 'எளிமையின் சிகரம்' என்பதையும் சேர்த்தது. அவள் இன்னும் பலமாக மறுத்தாள். 'புகழை வெறுத்த புண்ணியவதி' வந்தது. நான்காவது வந்தபோது அவள் மறுக்கவில்லை. மறுத்தால் ஐந்தாவது வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பாராட்டு விழா நடந்தது. நகரமே மண்டபத்தில் நெருக்கியடித்தது. மாலைகள் ஏறிக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து எயில்மதி பேசத் தொடங்கியது.

"அடைமொழி ஒழித்த அம்மையாரே! எளிமையின் சிகரமே! புகழை வெறுத்த புண்ணியவதியே..."

இயந்திரமும் வாழ்த்துகிறது என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆவுடை கைகூப்பித் தலை குனிந்தாள். கண் கலங்கியிருந்தது. அவளை முடித்துவிட்டு எயில்மதி மேடையில் இருந்தவர்களுக்கு வந்தது. பிறகு முதல் வரிசை, இரண்டாம் வரிசை. அவளுக்கு விலக்கு இருக்கும்போது தங்களுக்கு இல்லையா என்று மன்றத்தார் இதற்குள் ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்கள். பெயர் வந்தவர்கள் எழுந்து வணங்கினார்கள். வராதவர்கள் அடுத்தது நாம்தான் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

"...அனைவருக்கும் பணிவான வணக்கம். ஒரு சிறு செய்தி."

ஆவுடைக்கு அப்போதுதான் உறைத்தது. "திரை! திரையை ஏத்து!" என்று மாலையோடு அலறினாள். திரை ஏறியது. எரிந்துகொண்டிருந்த நிலையத்தை வெகு பத்திரமாகக் காத்து நின்றது.

இசக்கி பிழைத்துக்கொண்டான். அக்காவை நம்பினாலும் மண்டபத்தை நம்பாமல், போன அன்றே பனிக்குள் ஒரு பதுங்குகுழி தோண்டி வைத்திருந்தான். கூட இருந்த மூன்று பேர் பிழைக்கவில்லை. அவர்களுடைய தலைக்கவசங்களைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் அதே விசாரணை மண்டபத்துக்கு வந்தான். கவசங்களை அக்காவின் முன்னால் வரிசையாக வைத்தான்.

"திரை ஏன் ஏறலைக்கா?"

"என்னைய வாழ்த்துதுன்னு நெனச்சேன்டா" என்றாள். "நடுவுல நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

இந்த முறை யாரும் கூச்சல் போடவில்லை. பாராட்டு விழா அன்று மண்டபத்தில் இல்லாதவர் யாரும் இங்கே இல்லை. இசக்கி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"அவள மட்டும் கேக்கல. நீங்க எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? உங்க பேரு எப்ப வரும்னு உக்காந்திருந்தீங்க. இந்த மூணு பேரோட பேரு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

மண்டபம் சிலிர்த்துப் போனது. பலர் விம்மினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் தாங்க முடியாமல் எழுந்து கையை உயர்த்தினார். "கேள்விக் கனலே!" என்று கூவினார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க" என்றான் இசக்கி.

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. கூரையில் எயில்மதி இரண்டாவது அடைமொழிக்காகக் காத்திருந்தது.