பட்டவராயனுக்கு நேர்ந்த செருப்பு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: தோல் கிடங்கு மேஸ்திரி சொரிமுத்து, அவன் மனைவி செண்பகவல்லி, அவள் தம்பி இசக்கிப்பாண்டி, தொட்டிலில் இன்னும் பேர் வைக்காத அவர்கள் ஆண் பிள்ளை. சுவர் ஆணியில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு.

நாற்பத்தாறாம் வருஷத்து மழை. தாராவியில் வாசல்படி வரை தண்ணீர் நின்றது.

செருப்பு சாமிக்கு நேர்ந்தது. ஊரில் பட்டவராயன் சாமிக்குச் செருப்புத்தான் காணிக்கை. கோயிலில் கட்டித் தொங்கவிட்ட செருப்பு தானாகத் தேயும்; சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறது என்பார்கள். ஊரில் பட்டவராயன் என்று பலருக்குப் பேர் உண்டு. தாராவியில் அந்தப் பேர் கிடங்குக் கூலியாள் ஒருத்தனுக்குத்தான் இருந்தது.

போன மழையில் அவன் செத்தான்.

"அந்தப் பேரு வேண்டாம்" என்றான் சொரிமுத்து.

"ரெண்டு பிள்ளையக் குழியில வச்சிட்டு, இதுக்கு நேந்துக்கிட்ட பேரு. வேண்டாம்னா எப்படி?" என்றாள் செண்பகவல்லி.

"செத்தவன் பேருன்னு பயமா அத்தான்? போலீசுக்கே பயப்படாத ஆளுல்லா நீரு!" இசக்கிப்பாண்டி சிரித்தான்.

சொரிமுத்து சிரிக்கவில்லை. கிடங்குத் தோலை அவன் திருட்டுத்தனமாக விற்றதைப் பட்டவராயன் பார்த்துவிட்டான். முதலாளியிடம் சொல்வேன் என்றான். ஒரு ராத்திரி உள்ளே கிடந்தால் புத்தி வரும் என்று சொரிமுத்து அவனைக் கிடங்கில் வைத்துப் பூட்டினான். அன்று ராத்திரி மழையில் கிடங்கை ஒட்டிய ஓடை பெருகியது. பட்டவராயன் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தான். "கதவத் திறங்க மேஸ்திரி, தண்ணி கழுத்துக்கு வந்துட்டு." வெளியே நின்ற சொரிமுத்துவின் மடியில்தான் சாவி இருந்தது; அவன் திறக்கவில்லை. காலையில் உப்புத் தோல்களோடு பிணமும் மிதந்தது. வாட்ச்மேன் தெரியாமல் பூட்டிவிட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

சொரிமுத்து அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி, அதன் காதில் தன் தகப்பன் பேரைச் சொன்னான்.

பிள்ளையின் அழுகை நின்றது.

உப்பும் அழுகல் தோலுமாக அறை நாறியது.

ஆணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. செருப்பின் அடித்தோல் ஓட்டை விழத் தேய்ந்திருந்தது.

"நேத்துத்தானே தச்சு வாங்கியாந்தேன்..." இசக்கிப்பாண்டி முணுமுணுத்தான்.

பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. வாயோரம் கலங்கல் தண்ணீர் வழிந்தது.

"நேந்த பேரச் சொல்லுங்க!" செண்பகவல்லி அலறினாள். "சொல்லித் தொலைங்க!"

"பட்டவராயா..."

பிள்ளை வீறிட்டது.

வாசலில் ஒருவன் பதில் சொன்னான்.

"இங்கதான் நிக்கேன் மேஸ்திரி. இப்பமாவது கதவத் திறங்க. சாவி உங்க மடியிலதான இருக்கு?"

செண்பகவல்லி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். புருஷனின் மடியைப் பார்த்தாள். அப்புறம் முகத்தை.

"சாவி உங்ககிட்டயா இருந்திச்சு?"

அவன் கை மடியைப் பொத்தியது. பிள்ளைக்கு மறுபடியும் மூச்சு முட்டியது.

ஆணியிலிருந்த செருப்பைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"கூப்பிட்டது நீங்க. நீங்களே போங்க."

அவன் படி இறங்கினான்; பின்னால் செண்பகவல்லி கதவைச் சாத்தினாள். தெருவில் யாருமில்லை. கையில் செருப்பும் இல்லை. தண்ணீருக்கடியில் செருப்புக்கால் நடை ஒன்று அவனை நோக்கி வந்தது.

தண்ணீர் முழங்கால் அளவுதான். அவனுக்குக் கழுத்தில் குளிர்ந்தது.

"செம்பகம், கதவத் திற..."

உள்ளே பிள்ளை சீராக மூச்சு விட்டது. கதவு சாத்தியே இருந்தது. கிடங்கைப் பூட்டிய ராத்திரியில் அவன் கேட்ட அதே சத்தம்தான்: கொண்டி விழுந்தது, பூட்டில் சாவி திரும்பியது.