தைத்த பக்கம்

சிரிப்பு எப்போதும் இடதுபக்கமிருந்துதான் வந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் அக்கி வந்து ஞானையாவின் இடது முகத்தை உரித்துப்போட்டது. தூத்துக்குடி டாக்டர் பஞ்சைத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். அவன் இமைக்கவில்லை.

"கண்ணுல உணர்ச்சி நரம்பு செத்துப்போச்சுய்யா. தூசி விழுந்தாலும் உறுத்தாது, காஞ்சு புண்ணாயிரும்," என்று இமைகளைச் சேர்த்துத் தைத்துவிட்டார். "மூணு மாசம் தையல்ல கை வச்சிராத. வச்சா பார்வை போயிரும்."

அவனுக்குப் பதில் மனைவி அற்புதமணி உப்பளத்துக்குப் போனாள். அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டும் பவுல்தான் டவுனிலிருந்து களிம்பு வாங்கி வருவான். வந்தால் ஞானையாவின் தைத்த பக்கமாகவே நின்று அவளிடம் பேசுவான்.

"என்னளா சிரிப்பு?"

"கறுப்புக் கண்ணாடி போட்டா சினிமாக்காரன் மாதிரி இருப்பியளாம். பவுலு சொல்லுதாரு."

ஞானையா சிரிக்கவில்லை. குருட்டுப் பக்கம் என்ற தைரியம்தானே?

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் சவரப் பிளேடால் தையலை அறுத்தான். மேலே பஞ்சு வைத்து, பார்க்கக் கீறலளவு இடம் விட்டுக் கட்டிக்கொண்டு உப்பளத்து வரப்பில் போய் உட்கார்ந்தான். கச்சான் காற்று பாத்திகளின் உப்பு நுரையை வழித்து வந்து முகத்தில் அப்பியது. காய்ந்த பாசி நாறியது. மோட்டார் இரைச்சலுக்குள் அவள் குரல் வந்து வந்து அமுங்கியது. இமைத்தால் கட்டு அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பவுல் அவள் தலையிலிருந்து உப்புப் பெட்டியை இறக்கிவிட்டான். விரல் பட்டதா? படவில்லை. இல்லை, பட்டது.

வெயில் சாயச் சாய இடதுபக்கம் வெளுத்தது, அவர்கள்மேல் யாரோ வேட்டியை இழுத்து மூடுவதுபோல. மறைக்கிறார்கள். இன்னும் விழித்துப் பார்த்தான். கட்டு எப்போது காற்றில் பறந்தது என்று தெரியவில்லை.

அற்புதமணி திரும்பினாள். ஓடிவந்தாள்.

"ஏசுவே! ஏன் அறுத்திய? கண்ண மூடுங்க!"

மூடப் பார்த்தான். இமை இறங்கவில்லை. எதிலோ முட்டி நின்றது.

அவள் கை நீட்டினாள். பவுல் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

"தொடாத! முழியில உப்பு பூத்திருக்கு!"

வலிக்கவில்லை. நல்ல கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் தோளில் பவுலின் கை.

இடது விழியும் அந்தக் கைக்குத் திரும்பியது. நற. காய்ந்த உப்பில் நடக்கும் ஓசை, மண்டைக்குள். அற்புதமணி அலறினாள்.

கையிலிருந்து அவள் முகத்துக்கு. நற.

மறுபடி கைக்கு.

நற.