வந்து நில்லுங்க

"உங்க உதவியாளருக்கும் ஒரு வாய் தண்ணி குடுங்க தம்பி. நான் வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்காரு."

படம் எடுத்து முடித்ததும் ஓய்வுபெற்ற டீச்சர் இப்படிச் சொல்லித் தம்ளரை நீட்டினார். புகைப்படக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். அவருக்கு உதவியாளர் என்று யாரும் கிடையாது.

மூடிக் கிடந்த துணிக்கடையின் மாடியில் அந்த அறை. முகநூலில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் வருவார்கள். அவர் படம் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் மனமுவந்து தருவதெல்லாம், அவருடைய மனைவி கடைசி நாட்களைக் கழித்த மருத்துவமனைக்குப் போகும். காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. வாடிய பூக்கள் ஊறிய தண்ணீரைப் போல ஒரு வாடை மதியத்திலிருந்தே அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தும் போகவில்லை.

கேமராவைக் கண்டதும் மரக்கட்டையாகிவிடும் மனிதர்களை இளக வைக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. முதலில் தண்ணீர் கொடுப்பார். யாரைப் பார்க்க ஏங்குகிறீர்கள் என்று கேட்பார். அந்தப் பெயரைச் சொல்லி மனதுக்குள் ஒரு நொடி பிரார்த்திப்பார். பிறகு, அந்த ஆள் கேமராவுக்குப் பின்னால் தன் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார். முகங்கள் மலர்ந்துவிடும். ஆனால் கொஞ்ச காலமாக அசதி. பெயர் கேட்பதும் பிரார்த்தனையும் எப்போது நின்றன என்றே அவருக்கு நினைவில்லை. வெறும் காற்றைப் பார்த்து, "வாங்க, வந்து நில்லுங்க" என்பதோடு சரி.

யாரை என்று சொல்லாமலே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரைத்தான் நெனச்சேன்" என்றார் டீச்சர், வாசலில் செருப்பை மாட்டியபடி. "அவரு என் தோளு உயரம்கூட இருக்கமாட்டாரு. நீங்க என்னடான்னா இவ்வளவு நெட்டையா ஒருத்தரை நிறுத்தியிருக்கீங்க!" சிரித்தார். ஆனால் படிகளில் வேகமாக இறங்கினார்.

டீச்சர் போன கையோடு, பள்ளிக்கூடப் பையுடன் புகைப்படக்காரரின் மகள் வந்தாள்.

"இன்னைக்கு என்னைத்தான் எடுக்கணும். அம்மாவைக் கூப்பிடுறேன்னு சொன்னீங்கல்ல?"

"ஒரு நிமிஷம் கண்ணு. இந்த ஒண்ணை மட்டும் பாத்துடுறேன்."

படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, எப்போதும் போலப் படத்திலிருந்த கண்ணைத் திரையில் பெரிதாக்கினார். டீச்சரின் கருவிழியில் ஜன்னல் தெரிந்தது. வெள்ளைக் குடை விளக்கு தெரிந்தது. குனிந்து நிற்கும் அவரே தெரிந்தார். அவரை ஒட்டி, கூரையில் இடிக்காமலிருக்கத் தலையைச் சாய்த்தபடி, நீளமாக ஒன்று நின்றது.

விளக்கின் நிழல்தான் என்று சொல்லிக்கொண்டார். காலையில் வந்த பேருந்து ஓட்டுநரின் படத்தைத் திறந்தார். அவர் கண்ணில் அது கதவருகே நின்றது. மதியம் வந்த இரட்டைச் சகோதரிகள். நான்கு கண்களிலும் அது அறையின் நடுவில். டீச்சரின் முதல் படத்தில் புகைப்படக்காரரின் தோளருகே.

கடைசிப் படத்தில் அது அவரைக் கடந்திருந்தது. படம் எடுத்துக்கொள்பவர்கள் உட்காரும் நாற்காலியை நோக்கி.

நிமிர்ந்தார். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு கண்ணு. நாளைக்கு எடுக்கலாம். இப்ப வீட்டுக்குப் போலாம்."

"எப்பவும் நாளைக்குத்தான். அப்பா மறந்துடுவீங்கன்னு நானே கூப்பிட்டுட்டேன்."

"என்னன்னு கூப்பிட்டே?"

"நீங்க சொல்ற மாதிரிதான். வாங்க, வந்து நில்லுங்கன்னு."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காற்று வரவில்லை. வாடை தொண்டைக்குள் இறங்கியது. மகள் அண்ணாந்து பார்த்தாள். அவரை அல்ல. அவர் தலைக்கும் மேலே. அவள் அம்மா ஒருநாளும் அத்தனை உயரமில்லை.

"அம்மா கையெல்லாம் ஏன் இவ்வளவு நீளமாயிடுச்சு?" என்றாள். பயம் இல்லை. பாவம் என்பது போல ஒரு பரிவு. "நின்னு நின்னு கால் வலிக்குதாம்மா? வாங்க, உக்காருங்க."

அவள் நகர்ந்து நாற்காலியில் பாதி இடம் விட்டாள். கையை நீட்டினாள்.

அவர் ஓடப் பார்த்தார். கால் நகரவில்லை. எத்தனையோ பேருக்காகச் சொன்ன பிரார்த்தனை. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

நாற்காலியின் காலியான பாதியில் மெத்தை மெல்ல அமுங்கியது.

வெறும் காற்றில் நீண்டிருந்த அந்தச் சின்ன விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கின. நெரிந்தன. ரத்த ஓட்டம் நின்று, நுனிவரை வெளுத்தன.

மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.