நான்காவது ஒக்தான்

துருப்பிடித்த பூட்டைத் திறக்க மோக் அம்மாவுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மூன்று வருடமாக ஆள் புழங்காத வீடு என்று ஆறு மாடி ஏறுவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டாள். உள்ளே போனதும் கும்சில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, விரித்திருந்த படுக்கையில் கையை ஊன்றி உட்காரப் போனாள். தலையணையின் நடுவில் ஒரு தலை அளவுக்குக் குழி இருந்தது. குழி வெதுவெதுவென்று இருந்தது.

"இங்க யாராச்சும் படுத்திருந்தாங்களா அம்மா?"

"யாரு படுப்பா? எலி படுத்திருக்கும்."

"எலி தலையணை வச்சுப் படுக்கிற வழக்கம் எங்க ஊர்ல இல்லீங்க."

"உங்க ஊரு ஹொயிர்யோங். இது சோங்ஜின். இங்க எலிக்கெல்லாம் வசதி ஜாஸ்தி." மோக் அம்மா அந்தக் கட்டடத்தின் தலைவி. யார் வீட்டில் எத்தனை பேர் தும்மினார்கள் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். சிரிக்கும்போது அவள் கண்கள் மட்டும் சிரிப்பதில்லை. அவற்றுக்கு வேறு வேலை இருந்தது.

கும்சிலுக்கு வந்த வேலை எளிமையானது. மனித உரிமை விசாரிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருகிறது. கையில் காணாமல் போனவர்கள் பட்டியல். முதல் பெயர் ரி ஒக்தான். உயிரோடு இருந்தால் கண்ணில் காட்டுங்கள், காட்டினால் தானியக் கப்பல் வரும் என்று பேச்சு. ஒக்தான் இருக்கும் இடத்திலிருந்து கடிதமே வந்ததில்லை, ஆள் எப்படி வருவாள்? ஆகவே செருப்புத் தொழிற்சாலை வரிசையில் நின்ற கும்சிலின் முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒக்தானின் இடது கன்னத்து மச்சம் மட்டும் கும்சிலிடம் இல்லை. அதை மையால் வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலகம் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது.

பதினைந்தே நாள். அப்புறம் ஊருக்குப் போய்விடலாம். ஒன்பது வயது மகள் சுர்யோனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். உறைபனி இறங்குவதற்குள் முட்டைக்கோஸை ஊறப்போட்டுப் புதைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமிருக்காது.

இன்னொரு கவலையும் உண்டு. அதை அவள் நினைக்கும்போதுகூட மெதுவாகத்தான் நினைப்பாள். எல்லை ஆற்றைக் கடந்து வெளிநாட்டுக்குப் போய்விட்ட அண்ணன் மாதாமாதம் பத்தாம் தேதி கூப்பிடுவான். புதைத்துவைத்த கைபேசியை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இரண்டு நிமிடம் பேசுவாள். இந்தப் பத்தாம் தேதி எடுக்க ஆளில்லை. அதை வெளியே சொன்னால், ஒக்தான் இருக்கும் இடத்துக்கே போய் ஒக்தானை நேரில் விசாரித்துக்கொள்ளலாம்.

மாலையில் புருஷன் வந்தான். பாங் என்று பெயர், நாடகக் குழுவில் இருந்தவன்.

"வணக்கம் பொண்டாட்டி. சோறு வெந்தாச்சா?"

"எத்தனை நாளா இந்த வேலை பாக்கிறீங்க தோழரே?"

"ஒக்தானுக்கு நான் நிரந்தரப் புருஷன். உன்னையும் சேத்து மூணு தடவை குடும்பம் நடத்தியாச்சு, ஒரு சண்டை கிடையாது. நிஜப் பொண்டாட்டிகிட்ட அப்படி முடியுமா?"

"முன்னாடி இருந்தவங்க?"

பாங் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றான்.

"எந்த வீட்டுக்கு?"

"ஊறுகாய எடு" என்றான் பாங்.

பகலில் பாங் போய்விடுவான். கடலிலிருந்து எழும் மூடுபனி ஆறாம் மாடி ஜன்னலை வந்து ஒட்டிக்கொள்ள, கரி அடுப்பின் புகை வாடையும் ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் கலந்து நிற்க, எங்கோ துறைமுகத்தில் ஒரு கப்பல் மாடு கத்துவதுபோல் கத்தி ஓய, கும்சில் தரையில் உட்கார்ந்து பதில்களை மனப்பாடம் செய்வாள். சுவரில் அரசாங்க ஒலிபெருக்கிப் பெட்டி. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். சத்தத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. நான்காம் நாள் அதைக் குறைத்துவைத்துவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பாட்டு முடிந்தபின்னும் அதற்குள்ளிருந்து ஏதோ வந்துகொண்டிருப்பது கேட்டது. காதை வைத்தாள். ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டே பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

என் பெயர் ரி ஒக்தான். எனக்கு ஒரு குறையுமில்லை. என் பெயர் ரி ஒக்தான்.

கும்சில் கத்தியைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் கவனித்தாள்: அவள் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த வாரம் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். தப்பே செய்யாதவர்கள் பாடு திண்டாட்டம். அதனால் விவரமானவர்கள் சின்னச் சின்னத் தப்புகளாகக் கைவசம் சேர்த்து வைத்திருப்பார்கள். தாமதமாக வந்தேன், தலைவர் படச் சட்டத்தின் ஓரத்தில் தூசி விட்டேன், இப்படி. மோக் அம்மா ஒரு பழைய நோட்டைக் கொடுத்தாள்.

"இது ஒக்தானோட தப்பு நோட்டு. இதுலயே தொடர்ந்து எழுது. திடீர்னு ஒருத்தி நல்லவளாயிட்டா வெளிநாட்டுக்காரனுக்குச் சந்தேகம் வராதா?"

கும்சில் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். உருண்டையான, நெருக்கமான கையெழுத்து. பாதியில் நின்றது. இரண்டு பக்கம் காலி. பிறகு சாய்ந்த கையெழுத்து ஒன்று: நான், ரி ஒக்தான், வேலைக்குத் தாமதமாக வந்தேன். இரண்டே சனிக்கிழமை. மறுபடி காலி. பிறகு கிறுக்கலாக மூன்றாவது. அதுவும் இரண்டே சனிக்கிழமை. கடைசி வரி: நான், ரி ஒக்தான், என் மகனையே நினைத்துக்கொண்டிருந்ததால் கவனம் சிதறினேன். இது தவறு.

ஒக்தானுக்குப் பிள்ளைகள் கிடையாது. அது மனப்பாடத்தில் ஏழாவது பதில்.

அடுத்த பக்கம் காலி.

பேனாவை எடுத்தபோது அவளுக்கு ஒரு சின்னத் தப்பும் நினைவுக்கு வரவில்லை. பதினாறு வருடச் சனிக்கிழமைப் பழக்கத்தில் கை தானாக எழுதியது. எழுதி முடித்தபின் படித்துப் பார்த்தாள். நான், ரி ஒக்தான், என் மகள் சுர்யோனையே நினைத்துக்கொண்டிருந்ததால் கவனம் சிதறினேன்.

கிழிக்க முடியாது. பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது.

மோக் அம்மா படித்துவிட்டுக் கோபப்படவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அட, இதுக்கா மருகுற? பிள்ளைய நாங்க பாத்துக்கிறோம். நீ உன் வேலையப் பாரு ஒக்தான்."

"அம்மா, என் பேரு..."

"தெரியும் ஒக்தான்."

அதற்குப் பிறகு யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பாங் தூக்கத்தில்கூடக் கூப்பிடவில்லை. காலையில் எழும்போது பக்கத்துத் தலையணையில் நீளமான ஈர முடி கிடக்கும், பாங் மொட்டை.

பதினைந்தாம் நாள் மூன்று மணிக்குக் குழு வந்தது. நெடிய வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி, பட்டியலோடு ஒரு மனிதர், அவர்களே கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர். கும்சில் தேநீர் ஊற்றினாள். கேள்விகள் வந்தன. பதில்கள் போயின. ஒரு பிசிறில்லை. அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"உங்கள உயிரோட பாத்ததுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பட்டியல்காரர் ஒரு பெயரை அடித்தார். முடிந்தது. ஊருக்குப் போகலாம். கும்சிலின் நெஞ்சுப் பாரம் பதினைந்து நாளில் முதல் தடவையாக இறங்கியது.

அவர் தாளைத் திருப்பினார்.

"இன்னொரு பேரு இருக்காம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "புதுசா சேத்தது. பத்தாம் தேதியிலிருந்து தங்கச்சிய காணோம்னு வெளிநாட்டுல இருக்கிற அண்ணன் முறையிட்டிருக்காராம். பியோ கும்சில். ஊரு ஹொயிர்யோங்."

ஒலிபெருக்கிக்குள் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது.

நான்தான். நாக்கு நுனியில் இருந்தது. நான்தான் கும்சில். மொழிபெயர்ப்பாளர் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். வாயைத் திறந்தால் போதும்.

"கும்சிலா?" என்றாள் மோக் அம்மா. "அவளுக்கென்ன, நல்லாத்தான இருக்கா. இந்தக் கட்டடத்துக்குத்தான் குடி வந்திருக்கா. இருங்க, கூப்பிடறேன்."

பட்டியலை ஒரு வாரம் முன்பே அனுப்பிவைப்பது நாடுகளுக்கிடையே உள்ள மரியாதை. அந்த மரியாதையில் குழு ஒரு குறையும் வைக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம்.

இரண்டு பேர்.

ஒன்று சின்னக் கால்.

கதவு திறந்தது. வந்தவள் கும்சிலின் உயரம். கும்சிலின் பச்சைக் கோட்டு; முழங்கையில் போன இலையுதிர்காலத்தில் கும்சில் தைத்த ஒட்டு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுர்யோன்.

தலை வாரியிருந்தது. முகம் கழுவியிருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளையின் கன்னம்.

வெள்ளைக்கார அம்மாள் குனிந்து கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே, "இது யாரு பாப்பா?" என்றார்.

"எங்க அம்மா" என்றது பிள்ளை. "பியோ கும்சில்."

"அப்ப இவங்க?"

சுர்யோன் திரும்பி கும்சிலை நேராகப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தொடையோடு சேர்த்து வைத்து, இடுப்பு வரை வளைந்து வணங்கினாள்.

"ஒக்தான் அத்தை."

பொய் சொல்லும்போது சுர்யோன் கீழுதட்டைக் கடிப்பாள். இரண்டு வயதிலிருந்து அப்படித்தான். அடித்தும் மாறாத பழக்கம். கும்சில் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல்காரரின் பேனா தாளில் கீச்சிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை உதட்டைக் கடிக்கவில்லை.