மைனஸ் இருபதில் ஒரு கைரேகை

"அக்கா...!"

மருந்துக் கம்பெனியின் மைனஸ் இருபது டிகிரி குளிர் அறையில், இரும்பு அலமாரிக்குக் கீழே, அக்கா மல்லாந்து கிடந்தாள். தலைக்கடியில் ரத்தம்!

தங்கை ஓடிப்போய்க் குனிந்தாள். மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு இருந்தது. மெல்லிசாக!

பின்னால்... டமால்!

கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

"பதறாதேம்மா." கதவோர ஸ்பீக்கரில் குரல். கம்பெனி முதலாளி. அப்பா போன பிறகு இருவரையும் வளர்த்த சொந்தச் சித்தப்பா!

"சித்தப்பா! அக்கா விழுந்து கிடக்கா! கதவைத் திறங்க!"

"விழல. நான்தான் தள்ளினேன். கையெழுத்துப் போடச் சொன்னேன்... முறைச்சா."



பிறவியிலேயே தசை நலியும் குழந்தைகளுக்காக, ஆறு வருஷம் ராப்பகலாக உழைத்து அக்கா கண்டுபிடித்த ஆர்.என்.ஏ. ஊசி மருந்து. இன்று மதியம் பேட்டன்ட் மனு போகிறது. அதற்குள் சித்தப்பாவுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"அலமாரியில டேப்லெட் கம்ப்யூட்டர் இருக்கு பார். மருந்தோட உரிமையை எனக்கு விட்டுத்தர்ற பத்திரம். அதுல என் ரேகை படக்கூடாது. நீயே அவ கட்டைவிரலை வச்சு அழுத்து. கதவு திறக்கும்."

தங்கை சுவரிலிருந்த சிவப்பு அபாய பட்டனை ஓங்கிக் குத்தினாள்.

சத்தமே இல்லை!

சித்தப்பா சிரித்தார். "அலாரத்தை டெஸ்ட் மோட்ல போட்டுட்டேன். வெளியில ஒரு ஈ காக்காவுக்குக் கூடக் கேக்காது."

தங்கை அப்படியே நின்றாள்.

டெஸ்ட் மோடா?

இந்தக் கட்டிடத்தின் கதவு, குளிர், அலாரம் எல்லாவற்றையும் தானாகவே சோதித்துப் பார்க்கும் சாஃப்ட்வேர் அவள் எழுதியது. டெஸ்ட் மோடில் பட்டனை அழுத்தினால் பத்து நிமிடத்துக்குள் கதவு திறக்க வேண்டும். திறந்தால் பச்சை ரிப்போர்ட். அதை ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். திறக்காவிட்டால் சிவப்பு! அறையில் பதிவான பேச்சோடு அத்தனை ஊழியர் ஃபோனுக்கும் போய்விடும்.

ஆனால் பத்து நிமிடம்! அக்கா தாங்குவாளா?

கோட்டைக் கழற்றி அக்கா மேல் போர்த்தினாள். அவளை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"விரல் விறைச்சிடுச்சு சித்தப்பா... ரேகை ஏற மாட்டேங்குது!"

"தேய்ச்சு சூடாக்கு."

நாலு நிமிடம்.

"வச்சா நிஜமாவே திறப்பீங்களா?"

ஸ்பீக்கர் ஒரு விநாடி மௌனமாயிற்று.

"திறப்பேன்மா."

அந்த ஒரு விநாடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. திறக்கப் போவதில்லை!

ஏழு நிமிடம். அக்காவின் உதடு நீலம் பாரித்தது. தங்கைக்கு அழுகை முட்டியது.

"எங்களை என்ன பண்ணப் போறீங்க?"

"நான் ஏன் பண்ணணும்? குளிர் பார்த்துக்கும். தவறுதலா மாட்டிக்கிட்டாங்கன்னு எல்லாரும் அழுவாங்க. நானும் அழுவேன்! சீக்கிரம் விரலை வை!"

"வைக்க மாட்டேன்!"

ஒன்பது. அக்காவின் மூச்சு நின்றது... ஐயோ... மறுபடி வந்தது.

பத்து!

ஸ்பீக்கரில் ஒரு ஃபோன் அலறியது. சித்தப்பாவின் ஃபோன்! அடுத்து வராந்தாவில் ஒன்று... மாடியில் பத்து... கட்டிடம் முழுக்க ஃபோன்கள்!

எல்லாவற்றிலும் ஒரே குரல். "...நானும் அழுவேன்!"

தடதடவென்று காலடிச் சத்தம். கதவு திறந்தது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது அக்கா தங்கையின் கையை இறுக்கினாள். தங்கை வாய்விட்டு அழுதாள்.

சித்தப்பாவுக்கு விலங்கு மாட்டிய இன்ஸ்பெக்டர் வியந்தார். "பிரமாதமான சாஃப்ட்வேர்மா! யார் கண்டுபிடிச்சது?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவைக் காட்டினாள்.

"போன மாசம்தான் அவர் பேர்ல பேட்டன்ட் வாங்கினார் சார்... வாங்கினவர் ஒரு தடவை படிச்சும் பார்த்திருக்கலாம்!"