ஆற்றில் விட்ட பெயர்

இரண்டு கிண்ணம் ஐஸ் கேட்டதற்கு யாஸ்னாவின் கைக்கு ஒரு கிண்ணம்தான் வந்தது.

இன்னொன்றை ஹட்சுயே அம்மாள் செய்யாமல் இல்லை. இரும்புச் சக்கரத்தைச் சுற்றிப் பூப்பூவாக ஐஸைச் சீவினாள், மேலே சிவப்புச் சாறு ஊற்றினாள், கடைப் பலகையின் ஓரத்தில் தனியாக வைத்தாள். கரண்டியை ஐஸின் நடுவில் நெட்டுக்குத்தாகச் செருகினாள். பிறகு அந்தக் கிண்ணத்தின் முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது தெசாவுக்கு" என்றாள் யாஸ்னா சிரித்துக்கொண்டே.

"தெரியும்மா. தோஃபு கடை குசுமோதோ சொன்னாரு. அதான் வெச்சிருக்கேன்." ஹட்சுயே கண்ணைத் திறக்கவில்லை.

ஐந்து வயது மகள் தெசா எம்பி அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். ஹட்சுயே அவள் பக்கம் திரும்பவேயில்லை. போன வாரம்வரை கன்னத்தைக் கிள்ளாமல் விடாதவள். வயதாகிறது, வெக்கை வேறு, என்று நினைத்துக்கொண்டு யாஸ்னா நடந்தாள்.

குரோஷியாவிலிருந்து வந்து மூன்று வருடமாக இந்த ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள் அவள். கோடை வந்துவிட்டால் கால் ஒரு இடத்தில் நிற்காது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றுவாள், எந்தக் கோயிலில் மேளம் கேட்டாலும் போய் நிற்பாள், பார்த்ததையெல்லாம் தூரிகைப் பேனாவால் நோட்டில் குறித்துக்கொள்வாள். எல்லாவற்றையும் ரசித்தாள். எதையும் யாரிடமும் கேட்டுக்கொள்ள மாட்டாள். கேட்டால் வெளிநாட்டுக்காரி என்று தெரிந்துவிடுமாம், அந்த மூக்கையும் முடியையும் வைத்துக்கொண்டு!

அப்படித்தான் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றங்கரைக் கூடாரத்திலும் கேட்கவில்லை. நீளமான மேசையில் சதுரமான காகித விளக்குகள். ஆளாளுக்கு ஒன்றை எடுத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். போன மாதம்தான் மூங்கில் கிளையில் ஆசைகளை எழுதித் தொங்கவிட்டாள், அதே மாதிரி இருக்கும் என்று இவளும் ஒன்றை எடுத்தாள். தெசா எதிர்ப்பக்கம் தங்கமீன் தொட்டியருகே குந்தியிருந்தாள். எழுதவேண்டிய பெயர் வேறு யாருடையதாக இருக்கும்? தெசா. இரண்டே எழுத்து. அவளுக்கே எழுதத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், அதிலும் இரண்டாவது எழுத்தைத் திருப்பித்தான் போடுவாள். இன்று யாஸ்னாவே அழகாக எழுதினாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த தோஃபு கடை குசுமோதோ அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"எத்தனை வயசும்மா?"

"அஞ்சு."

அவர் இடுப்புவரை குனிந்து வணங்கினார். விளக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கிறேன். அங்க சந்தோஷமா இருக்கும்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று யாஸ்னா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இப்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சோயா தடவிச் சுட்ட சோளத்தின் கருகல் வாசனையும், கொசுவத்திப் புகையும், ஆற்றிலிருந்து ஏறிவந்த பாசி நாற்றமும் ஒன்றோடொன்று கலந்து தெருவில் அசையாமல் நின்றன. ஆயிரம் மரச்செருப்புகள் கல்லில் டக் டக்கென்று தட்டிக்கொண்டு போயின. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று குறைவதாக யாஸ்னாவுக்குத் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை.

"அம்மா, இது தீரவே மாட்டேங்குது" என்றாள் தெசா.

கிண்ணத்தில் ஐஸ் குவியலாக அப்படியே இருந்தது. அரைமணி நேரமாகத் தின்கிறாள். உருகவும் இல்லை.

மீன் பிடிக்கும் தொட்டியில் தெசா கை நீட்டிக் காகித வலை கேட்டாள். கடைக்காரன் அவள் தலைக்கு மேலாகப் பின்னால் நின்றவரிடம் வலையைக் கொடுத்தான். மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே.

"குழந்தை எவ்ளோ நேரமா கேக்குது, கண்ணு தெரியலையா?" என்றாள் யாஸ்னா.

"எந்தக் குழந்தை?"

"இதோ!"

அவன் யாஸ்னா காட்டிய இடத்தைப் பார்த்தான். முகம் கடுத்தது. "குடிச்சிட்டு வந்து வம்பு பண்ணாதீங்கம்மா. உங்க ஊர்ல வேணா நடக்கும். நகருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. விலகி வழிவிட்டார்கள், ஒரு நாற்றத்துக்கு விலகுவதுபோல. யாஸ்னா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கை சில்லென்றிருந்தது. ஐஸ் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள் அல்லவா, அதனால்தான். அதனால்தான் இருக்கவேண்டும்.

அப்போதுதான் எது குறைகிறது என்று தெரிந்தது. தெசாவின் மரச்செருப்பு. காலில் இருந்தது, கல்லில் பட்டது, சத்தம் வரவில்லை.

சதுக்கத்தில் ஆட்டம் தொடங்கியிருந்தது. இந்த ஊரில் ஆடுகிறவர்கள் கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொள்வார்கள், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. செத்தவர்கள் ஊருக்கு வந்து கூடவே ஆடும் நாட்கள் இவை, யார் எவர் என்று தெரியக்கூடாது. போன வருடம் யாஸ்னா இதை முப்பது போட்டோ எடுத்தாள். இந்த முறை, வட்டம் யாஸ்னாவையும் தெசாவையும் தாண்டும்போதெல்லாம் சில கைகள் மட்டும் தாளம் தவறின. உள்ளங்கையைக் கீழே தாழ்த்தி, விரல்களை மடக்கி, மடக்கி, அழைத்தன.

"அம்மா, அவங்க என்னை மட்டும் கூப்பிடுறாங்க."

யாஸ்னா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனமே இல்லை. ஓடினாள்.

கூடாரத்தின் மேசை காலி. விளக்குகள் எல்லாம் ஆற்றில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு தீ. குசுமோதோ கடைசி விளக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் எழுதின விளக்கு எங்க? திருப்பிக் குடுங்க!"

"விட்டாச்சேம்மா. வந்தவங்க கிளம்புற நேரம். பேரு போனாத்தான் அவங்களுக்கு வழி தெரியும்."

"செத்தவங்க பேரா அதுல எழுதுறது?" அவள் குரல் கிறீச்சிட்டது. "என் பொண்ணு உயிரோட இருக்கா! இதோ என் இடுப்புல இருக்கா!"

அவர் அவள் இடுப்பைப் பார்க்கவில்லை. முகத்தில் அந்தப் பழைய இரக்கம் இல்லை.

"எழுதினது யாரு? நாங்களா கையைப் பிடிச்சு எழுத வெச்சோம்?"

பக்கத்தில் நின்ற பெண் முணுமுணுத்தாள். "மூணு வருஷமா இங்க குப்பை கொட்டுறாங்க, இது தெரியாதாமா? வேடிக்கை பாக்க வந்தவங்களுக்கு எல்லாம் வேடிக்கைதான்."

"என்ன செய்யணும்? சொல்லுங்க, என்ன வேணா செய்றேன்!"

"விளக்கு ஏத்தியாச்சு" என்றார் குசுமோதோ. "ஒரு பேரு போயாகணும்."

யாஸ்னா மகளைப் படியில் உட்கார வைத்தாள். தண்ணீரில் இறங்கினாள். முழங்கால். இடுப்பு. மார்பு. காலடியில் சேறு வழுக்கியது, எதுவோ கணுக்காலைத் தடவிப் போனது. விளக்குகள் மோதி விலகின. கிழவர்களின் பெயர்கள். கிழவிகளின் பெயர்கள். கடல்பக்கம் திரும்பும் வளைவில் அது தெரிந்தது. அவளுடைய அழகான கையெழுத்து.

பிடித்துவிட்டாள்.

கழுத்தில் தொங்கிய பையை உயர்த்திப் பேனாவை எடுத்தாள். தெசா என்பதைக் கறுப்பாக அடித்தாள், ஒரு கோடுகூடத் தெரியாமல். அதன் கீழே எழுதினாள். யாஸ்னா. விளக்கை விட்டாள். அது போயிற்று.

கரையில், டக். டக். டக்.

மரச்செருப்பு! தெசா படியில் குதித்துக் குதித்து நின்றாள். யாஸ்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கரையேறி ஓடினாள், கையை விரித்துக்கொண்டு. தெசா அவளைத் தாண்டி ஆற்றைப் பார்த்தாள்.

"அம்மா?"

"இங்கதான்டா இருக்கேன்!"

"அம்மா!"

"அடடா, ஒண்டியா நிக்குதே பாவம்" என்று ஹட்சுயே ஓடிவந்து தெசாவை அணைத்துக்கொண்டாள். கன்னத்தைத் தொட்டாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். யாஸ்னா அவர்களின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒருவரும் அசையவில்லை. அவள் உடையிலிருந்து சொட்டிய தண்ணீர் கல்லை நனைக்கவில்லை.

பின்னால் மேளம். அவள் வலது கை தானாக எழுந்தது. உள்ளங்கை தாழ்ந்தது. கால் ஒன்று பின்னால் போயிற்று, ஒன்று முன்னால். கற்றுக்கொள்ளாத ஆட்டம். நெற்றியிலிருந்து கறுப்புத் துணி இறங்கியது. இரண்டு ஓட்டை மிச்சம்.

அதன் வழியே பார்த்தாள். குசுமோதோ தெசாவின் முன்னால் மண்டியிட்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மாவுக்கு எத்தனை வயசுடா கண்ணு?"

தெசா தேம்பிக்கொண்டே தெரியாது என்று தலையாட்டினாள்.

அவர் மடியிலிருந்த கடைசி விளக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார். தூரிகையை அவள் கையில் கொடுத்தார். "பேரு எழுதுறியா? எழுதினாத்தான் அம்மாவுக்கு வழி தெரியும்."

தெசா மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எழுதத் தெரியுமே" என்றாள்.

வேண்டாம். யாஸ்னாவின் கைகள் தாளத்துக்கு எழுந்தன, தாழ்ந்தன. விரல்கள் மடங்கி, மடங்கி, அழைத்தன. வேண்டாம், வேண்டாம். வட்டம் அவளை ஒரு அடி தள்ளிக்கொண்டு போயிற்று.

தெசா நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். முதல் எழுத்து நன்றாக வந்தது.

இரண்டாவதைத் திருப்பிப் போட்டாள்.

குசுமோதோ தீக்குச்சியைக் கிழித்தார்.